ரிபீட்டில் கோடு விழுகிறதா? வரைவதற்கு முன் அளவைக் கேளுங்கள்

கேள்வி: கரூரில் சிறிய அளவில் பெட்ஷீட், தலையணை உறை தைத்து விற்கிறேன். ஐபேடில் புரோகிரியேட் என்ற வரையும் செயலியை வைத்து ஆவாரம்பூ டிசைன் ஒன்று வரைந்தேன். கரும்பச்சை கிரவுண்டில் (பின்னணியில்) மஞ்சள் பூக்கள், 3000-க்கு 3000 பிக்சல் சதுரம், அதுவே துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ரிபீட். டிஜிட்டல் பிரிண்டில் சாம்பிள் அடித்தால் ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது. தள்ளி நின்று பார்த்தால் துணி முழுக்கக் குறுக்கே பட்டை பட்டையாக இருக்கிறது. ரோட்டரியில் (உருளை வைத்து அச்சிடும் இயந்திரத்தில்) அடிக்கலாமா என்று கேட்டால் "இந்த ரிபீட் ஏறாது" என்கிறார்கள். ஒரு கடைக்காரர் இதையே வால்பேப்பராகவும் கேட்கிறார். இதே ஃபைல் போதுமா?

பதில்: நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளைக் கோட்டைச் சரிசெய்வது சுலபம். பட்டை தெரிவதுதான் டிசைனின் உண்மையான பிரச்சினை, அதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும்.

முதலில் கோடு. உங்கள் ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து 800 சதவீதம் பெரிதாக்கி, நான்கு ஓரங்களிலும் கடைசி வரிசைப் பிக்சல்களைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பச்சையைவிட ஓரப் பச்சை வெளுத்திருந்தால் தவறு ஃபைலில் இருக்கிறது. ஓரங்கள் சேர்கின்றனவா என்று பார்க்க, புரோகிரியேட்டில் படத்தை நான்காக வெட்டி இடம் மாற்றும்போது, கிரவுண்டையும் சேர்த்து நகர்த்தியிருப்பீர்கள். அப்படி நகர்த்தும்போது ஓரப் பிக்சல்கள் பாதி ஒளி ஊடுருவுவதாக மாறிவிடும். ஜேபெக்காகச் சேமிக்கும் நேரத்தில் அந்தப் பாதி வெற்றிடம் வெள்ளையால் நிரம்புகிறது. திரையில் ஒரு பிக்சல் கண்ணுக்குத் தெரியாது, கரும்பச்சைத் துணியில் பளிச்சென்று தெரியும்.

அதனால் கிரவுண்ட் கலரைத் தனி லேயரில், கேன்வாஸ் முழுக்க நிரப்பி வைத்துவிடுங்கள். அதை ஒருபோதும் நகர்த்தாதீர்கள், பூவும் இலையும் மட்டும் நகரட்டும். இணைப்பைச் சரிபார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்வது நல்லது. போட்டோஷாப்பிலும் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் ஆஃப்செட் என்ற வசதி இருக்கிறது. அதில் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று கொடுத்து, வெளியே போவது மறுபக்கம் உள்ளே வரும்படி அமைத்தால், ஓரங்கள் எல்லாம் படத்தின் நடுவே கூட்டல் குறிபோல வந்து நிற்கும். அந்த நடுப்பகுதியில் மட்டும் வரைந்து இணைப்பை மறையுங்கள், ஓரத்தைத் தொடாதீர்கள். முடித்ததும் மீண்டும் ஒருமுறை ஆஃப்செட் கொடுத்துப் பாருங்கள். அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்கட்டும், அப்போதுதான் பாதி முழு பிக்சலாக வரும். கடைசியில் ஜேபெக்கை விட்டுவிட்டு டிஃப் அல்லது பிஎன்ஜி-ஆக அனுப்புங்கள்.

ஓரப் பிக்சல் அழுத்தமாகவே இருந்தும் துணியில் கோடு வந்தால், அச்சகத்தில் உங்கள் ஃபைலைச் சுருக்கியோ பெருக்கியோ அடித்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சதுரம் முழு பிக்சல் எண்ணிக்கையில் முடியாமல் அரை பிக்சலில் முடிந்தால் அந்த இடத்தில் கோடு விழும். நீங்களே அளவை மாற்ற நேர்ந்தாலும் இது நடக்கும். அப்போது ஒரு சதுரத்தை மட்டும் எடுத்துச் சுருக்காதீர்கள். மூன்றுக்கு மூன்று என ஒன்பது சதுரங்களை அடுக்கி, அந்தப் பெரிய படத்தின் அளவை மாற்றி, நடுச் சதுரத்தை மட்டும் வெட்டி எடுங்கள். அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் உடன் இருப்பதால் ஓரம் கெடாது.

சரி, இனி பட்டைக்கு வருவோம். புதிதாக ரிபீட் போடுகிற எல்லோருக்கும் ஓரத்தைக் கண்டால் ஒரு தயக்கம் இருக்கும். பூ வெட்டுப்பட்டுவிடுமோ என்று நடுவில் அழகாக அடுக்கிவிட்டு, ஓரத்தில் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று முடித்துவிடுவார்கள். அந்தச் சதுரத்தைத் தனியாகப் பார்த்தால் குறையே தெரியாது. பத்து சதுரம் அடுக்கினால் ஓரத்து வெற்றிடங்கள் ஒன்றோடு ஒன்று கைகோத்து, துணி நெடுக ஒரு சந்துபோல ஓடும். இரண்டு சந்துகளுக்கு நடுவில் இருக்கும் பூக்கள்தான் உங்களுக்குப் பட்டையாகத் தெரிகின்றன. தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு முதலில் படுவது இடைவெளிதான், பூவெல்லாம் பிறகுதான். என் அனுபவத்தில் ரிபீட் டிசைன் என்பது பெரும்பாலும் இடைவெளியை வரைகிற வேலை.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதல் பூவை ஓரத்தில் வையுங்கள், அதுவும் இருக்கிற பூக்களிலேயே பெரியதை. ஒன்று வலது ஓரத்தைத் தாண்டிப் போகட்டும், இன்னொன்று மேல் ஓரத்தைத் தாண்டட்டும், ஆனால் இரண்டும் சரிபாதியில் தாண்ட வேண்டாம். அவை மறுபக்கம் உள்ளே வந்த பிறகு நடுப்பகுதியை நிரப்புங்கள். பெரிய பூ, அதைவிடச் சிறிய பூவும் மொட்டும், அப்புறம் இலை, காய், புள்ளி என்று மூன்று அளவுகள் இருந்தால் எந்த இடைவெளிக்கும் பொருந்துகிற ஒன்று கையில் இருக்கும். ஆவாரைக்கு இது தோதான செடி. ஐந்து இதழ் பூ, உருண்டை மொட்டு, தட்டையான நீளக் காய், வரிசையான சிற்றிலை என எல்லாம் வெவ்வேறு உருவங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பூவுக்கு மட்டும் இதழ் விசித்திரமாக மடிந்திருந்தால், அல்லது ஒரே ஒரு வண்டு உட்கார்ந்திருந்தால், அது ஒவ்வொரு ரிபீட்டிலும் அதே இடத்தில் வந்து நிற்கும். கண் அதையே பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்துவிடும். அப்படி ஒன்று வேண்டுமென்றால் ஒரே ரிபீட்டுக்குள் மூன்று நான்கு இடத்தில் வெவ்வேறு திசையில் வையுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

பட்டை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒன்பது சதுரங்களை அடுக்கி, பூக்கள் எல்லாவற்றையும் கறுப்பாக்கி, கிரவுண்டை வெள்ளையாக்கி, படம் முழுவதையும் நன்றாக மங்கலாக்குங்கள். எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாக வந்தால் டிசைன் தேறிவிட்டது. வெளுத்த கோடோ கறுத்த கோடோ ஓடினால், எந்த இடத்தில் பூவைச் சேர்க்க வேண்டும், எங்கே எடுக்க வேண்டும் என்பதை அந்தப் படமே காட்டிவிடும். வரையும்போதே இதைப் பார்க்க வேண்டுமென்றால், இலவச மென்பொருளான கிரிட்டாவில் டபிள்யூ பட்டனை அழுத்துங்கள். கேன்வாஸ் எல்லாப் பக்கமும் முடிவில்லாமல் அடுக்கப்பட்டுத் தெரியும், நீங்கள் எங்கே வரைந்தாலும் மற்ற எல்லாச் சதுரத்திலும் அது விழும். போட்டோஷாப்பில் 2021 பதிப்பிலிருந்து பேட்டர்ன் பிரிவியூ என்று இதேபோல ஒன்று இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் 2012-இல் வந்த சிஎஸ்6 முதலே பேட்டர்ன் போட தனிப் பலகம் உண்டு. பணம் கொடுத்து எதையும் வாங்கும் முன் கிரிட்டாவைப் பழகிப் பாருங்கள் என்பேன்.

இதோடு அடுக்கும் முறையையும் மாற்றலாம். நீங்கள் செய்திருப்பது நேர் ரிபீட், சதுரத்துக்குப் பக்கத்தில் சதுரம். குறுக்கே பட்டை தெரிகிறவர்களுக்கு ஹாஃப் டிராப் நல்ல மருந்து. இதில் பக்கத்துப் பத்தி பாதி உயரம் இறங்கி நிற்கும், அதனால் குறுக்கு வரிசை உடைந்துவிடும். நெடுக்கே கோடு தெரிந்தால் செங்கல் அடுக்குபோலப் பக்கவாட்டில் பாதி நகர்த்துவது பொருந்தும். ஹாஃப் டிராப் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள், குறுக்கே இருந்த சந்து சாய்வாகத் திரும்பி ஓடக்கூடும். மங்கலாக்கிப் பார்க்கும் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். ஒரு தளத்தில் உருவங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கும்போது வரக்கூடிய சமச்சீர் வகைகள் மொத்தம் 17 தான். ரஷ்யப் படிகவியலாளர் ஃபெடோரோவ் 1891-இல் இதை நிறுவினார். இங்க்ஸ்கேப் மென்பொருளின் டைல்டு குளோன்ஸ் வசதியில் அந்த 17-ஐயும் சொடுக்கிப் பார்க்கலாம். ஆவாரம்பூ மாதிரியான டிசைனுக்கு அவ்வளவும் தேவைப்படாது, ஆனால் ஒரே பூவை ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தால் கண் வெகுவாகப் பழகும்.

இன்னொன்று திசை. பெட்ஷீட்டைக் கட்டிலின் எல்லாப் பக்கமிருந்தும் பார்ப்பார்கள், தலையணை உறைக்குத் துணியைத் திருப்பித் திருப்பி வெட்டுவீர்கள். பூக்கள் எல்லாம் மேல்நோக்கி நின்றால் துண்டுகளையும் ஒரே திசையில்தான் வெட்ட முடியும், துணி வீணாகும். பூக்களைப் பல திசையிலும் திருப்பி வையுங்கள். திரைச்சீலைக்கு என்றால் ஒரே திசை இருக்கலாம்.

ரோட்டரிக்காரர் "ஏறாது" என்று சொன்னது முற்றிலும் சரி. உங்கள் 3000 பிக்சல், 150 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) 20 அங்குலம், அதாவது 50.8 செ.மீ. ரோட்டரியில் டிசைன் ஒரு நிக்கல் உருளையைச் சுற்றி இருக்கிறது. உருளை ஒரு சுற்று முடிந்ததும் டிசைனும் முடிந்து, தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். நெதர்லாந்தின் ஸ்டோர்க் நிறுவனம் 1963-இல் இந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பரவலாகப் புழங்கும் உருளையின் சுற்றளவு 64 செ.மீ. எனவே துணியின் நீளவாக்கில் உங்கள் ரிபீட் 64, 32, 21.33, 16, 12.8 என்று 64-ஐ முழுசாக வகுக்கிற அளவாக இருக்க வேண்டும். 50.8 இதில் எதிலும் சேராது. வேறு சுற்றளவுள்ள உருளைகளும் உண்டு, அதனால் உங்கள் பிரிண்டரிடம் மில்லிமீட்டர் வரை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இருப்பதையே 64-க்குப் பெரிதாக்கினால் 5 செ.மீ. பூ 6.3 ஆகிவிடும், தெளிவும் 119 டிபிஐ-க்கு இறங்கும். 32-க்குச் சுருக்கினால் அதே பூ 3.15 செ.மீ. ஆகும், தெளிவு கெடாது, ஆனால் ரிபீட் சிறிதாவதால் அடுக்கியது சீக்கிரம் கண்ணில் படும். பெட்ஷீட்டுக்கு என் யோசனை இது: 32 செ.மீ. அகலம், 64 செ.மீ. உயரம் கொண்ட ஒரு பத்தி வரையுங்கள். அதன் பக்கத்தில் அதே பத்தியை 32 செ.மீ. இறக்கி வையுங்கள். இரண்டும் சேர்ந்து 64-க்கு 64 சதுரம், 150 டிபிஐ-யில் 3780-க்கு 3780 பிக்சல். உள்ளே ஹாஃப் டிராப், ஆனால் அச்சகத்துக்குப் போவது நேர் ரிபீட் ஃபைல். அவர்களுக்குக் குழப்பமே இருக்காது, டிஜிட்டலுக்கும் ரோட்டரிக்கும் அதே அளவு போதும்.

அளவு ஒன்றாக இருந்தாலும் நிறத்தில் இரண்டுக்கும் தனித்தனி ஃபைல் வேண்டும். டிஜிட்டலில் எத்தனை சாயல் வேண்டுமானாலும் வரும். ரோட்டரியில் ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது ஒரு உருளை, ஒவ்வொன்றுக்கும் செலவு. வாட்டர்கலர் பிரஷ்ஷில் நீங்கள் குழைத்த மஞ்சளை இரண்டு மஞ்சள், ஒரு பழுப்பு என்று தட்டையாகப் பிரிக்க வேண்டும், விளிம்புகளும் மங்கலின்றி நறுக்கென்று இருக்க வேண்டும். மஞ்சள், பச்சைக்கு அடியில் கொஞ்சம் உள்ளே போகும்படி வரையுங்கள். ஸ்கிரீன் துளி விலகினாலும் வெள்ளை தெரியாது, மேலே ஏறும் கரும்பச்சை மறைத்துவிடும். ஆரம்பத்திலிருந்தே ஒவ்வொரு கலரையும் தனி லேயரில் வைத்திருந்தால் இந்த வேலை ஒரு நாளில் முடியும், எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் மறுபடி வரைய வேண்டியதுதான்.

வால்பேப்பருக்கு இதே ஃபைல் போதாது, ஏனென்றால் அங்கே கட்டுப்பாடு வேறு பக்கம் இருக்கிறது. நம் கடைகளில் 57 சதுர அடி என்று சொல்லி விற்கும் ரோல், ஏறக்குறைய 53 செ.மீ. அகலமும் 10 மீட்டர் நீளமும் கொண்டது. ரோலிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டும் ஒரு பட்டையும் அடுத்த பட்டையும் சேரும் இடத்தில் பூ பொருந்த வேண்டும் என்பதால் அகலம் 53-க்குள் முழுசாக அடங்க வேண்டும். 26.5 செ.மீ. அகலத்தில் இரண்டு பத்திகளாக, உள்ளேயே ஹாஃப் டிராப் வைத்து வரைந்தால், ஒட்டுகிறவர் பட்டைகளை நேராகப் பொருத்தினால் போதும். 53-க்கு 64 செ.மீ. என்றால் 3130-க்கு 3780 பிக்சல். பத்தடிச் சுவருக்கு வெட்டில் கழிவதையும் சேர்த்து ஏறக்குறைய 3.15 மீட்டர் வேண்டும். 64 செ.மீ. ரிபீட்டில் ஐந்து ரிபீட் 3.2 மீட்டர், ஒரு ரோலில் மூன்று பட்டை கிடைக்கும். ரிபீட்டை 91 செ.மீ. ஆக்கினால் ஒரு பட்டைக்கு 3.64 மீட்டர் போய்விடும், ரோலுக்கு இரண்டு பட்டைதான். வாங்குகிறவர் பணத்தில்தான் அந்த வித்தியாசம் இறங்கும். கடைக்காரர் ரோல் இல்லாமல் சுவர் அளவுக்கு டிஜிட்டலில் அடித்துத் தருபவர் என்றால், அவருடைய பட்டையின் அகலத்தைக் கேட்டு 53-க்குப் பதில் அதைப் போடுங்கள். பை, டப்பா, இணையப் பக்கம் போன்றவற்றுக்கு இத்தனை கணக்கு இல்லை, ஓரம் சரியாகச் சேர்ந்தால் போதும்.

அடுத்த சாம்பிளை ஒரு மீட்டருக்குக் கேட்காதீர்கள். 64 செ.மீ. ரிபீட்டுக்கு ஒன்றரை மீட்டராவது இருந்தால்தான் இரண்டு ரிபீட் முழுசாகத் தெரியும், இணைப்பு கண்ணில் படும். ஃபைலோடு ரிபீட் அளவு, டிபிஐ, "அளவு மாற்ற வேண்டாம்" என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதே துணியின் ஓரத்தில் உங்கள் மஞ்சளையும் பச்சையையும் ஐந்தாறு சாயல்களில் சிறு கட்டங்களாக அடித்து வாங்குங்கள். திரையில் ஒளிரும் மஞ்சள் பருத்தியில் அப்படி வராது, கட்டங்களைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். துவைத்துக் காயவைத்து ரிபீட்டை மறுபடி அளந்து பாருங்கள். 64 என்பது 61.5-க்கு வந்திருந்தால் துணி நாலு சதவீதம் சுருங்கியிருக்கிறது, தலையணை உறையின் வெட்டு அளவை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.