'பிட்டர் எண்ட்' கசக்குமா?

கேள்வி: ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். தொழிலாளர்கள் 'டு தி பிட்டர் எண்ட்' போராடினார்கள் என்று வருகிறது. 'கசப்பான முடிவு வரை' என்று எழுதலாமா?
- வாசகி, தேனி

பதில்: வேண்டாம் அம்மா. 'கடைசி வரை விடாமல்' என்று எழுதுங்கள். 22 வருடம் சரக்குக் கப்பலில் போசனாக, அதாவது தளத்து மாலுமிகளின் மேஸ்திரியாக, இருந்தவன் நான். இந்தச் சொல்லை அகராதியில் பார்ப்பதற்கு முன்பே கையால் தொட்டிருக்கிறேன்.

பழைய பாய்மரக் கப்பல்களில், அணியம் என்னும் முன்பக்கத்தில், தடித்த மரத்தூண்கள் ஜோடியாக நிற்கும். அவற்றுக்கு 'பிட்ஸ்' என்று பெயர். நங்கூர வடத்தை அதில் சுற்றித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் விடுவார்கள். அந்தச் சுற்றுதான் 'பிட்டர்'. கப்பலுக்குள்ளேயே தங்கும் வடத்தின் பகுதி 'பிட்டர்ஸ் எண்ட்' என்று கேப்டன் ஜான் ஸ்மித் 1627-இல் தன் மாலுமிக் கையேட்டில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தை நடத்தியவர்களில் ஒருவர் அவர். வடம் அந்த முனை வரை போய்விட்டால், அதற்கு மேல் விடுவதற்குக் கயிறே கிடையாது.

இரும்புச் சங்கிலி வந்த பிறகும் பெயர் மாறவில்லை. எங்கள் கப்பலில் ஒரு நங்கூரத்துக்கு 11 ஷாக்கிள் சங்கிலி; ஒரு ஷாக்கிள் 27.5 மீட்டர். பிட்டர் எண்டைக் கீழே சங்கிலி அறையில் கனமான முளை போட்டுப் பூட்டியிருக்கும். ஒருநாள் நங்கூரம் இறக்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. துருவும் காய்ந்த சேறும் தெறிக்க, பொறி பறக்கச் சங்கிலி ஓடியது. 7, 8 என்று எண்ணிக்கொண்டிருந்தவன் எண்ணுவதை விட்டேன். கடைசி ஷாக்கிளுக்கு நாங்களே பூசிய சிவப்பு கண்ணில் பட்டதும், எல்லோரையும் பின்னால் ஓடச் சொல்லிக் கத்தினேன். முளை பிய்ந்து, நங்கூரமும் முந்நூறு மீட்டர் சங்கிலியும் கடலோடு போயின. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

சரி, கசப்பு எப்படிச் சேர்ந்தது? அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கசப்பு என்றும் பொருள் இருப்பதால், கரையில் இருப்பவர்கள் காதில் அப்படித்தான் விழும். பைபிளின் நீதிமொழிகளில் முடிவு எட்டியைப்போலக் கசக்கும் என்றொரு வரி உண்டு. சொல்லே அங்கிருந்து வந்ததுதான் என்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் இன்றைய ஆங்கிலத்தில் வேதனையின் சாயலும் இதில் உண்டு.

ஆனால் உங்கள் வாக்கியத்தில் அந்தத் தொழிலாளர்கள் தோற்றார்களா ஜெயித்தார்களா என்பது பேச்சில்லை. இனி விடுவதற்குக் கையில் எதுவும் இல்லை என்னும் வரை நின்றார்கள், அவ்வளவுதான். அப்புறம், கட்டுரை அச்சில் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.