கிரகண இரவில் ஒரு டம்ளர் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

2025 செப்டம்பர் 7 இரவு சந்திர கிரகணத்தின்போது எங்கள் வீட்டில் பெரிய சண்டை. மாமியார் மாலை ஐந்து மணிக்கே அடுப்பை அணைத்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டார். என் ஓரகத்தி எட்டு மாத கர்ப்பிணி. கிரகணம் விடும்வரை அவளுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது, கத்தி எடுத்தால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்று அறையிலேயே உட்கார வைத்துவிட்டார். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி, அது தானாக நிற்பதை என் மகளிடம் (ஒன்பது வயது) காட்டி, "பார், கிரகணம் பிடிச்சிருக்கு" என்றார். அது எப்படி நிற்கிறது என்று மகள் கேட்டாள். எனக்கு விளக்கத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் யாருக்கும் தெரியாமல் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பிடிபட்டோம். "படிச்ச திமிர்" என்றார். இவரிடம் அறிவியல் பேசுவதா, விட்டுவிடுவதா?

எம்., கும்பகோணம்

அன்புள்ள எம்.,

முதலில் தண்ணீர் விஷயம். மற்றதெல்லாம் அப்புறம்.

அன்று நிழல் முழுதாக விலகியபோது நள்ளிரவு தாண்டி மணி 1:27. ஐந்து மணியிலிருந்து கணக்குப் போட்டால் எட்டு மணி நேரத்துக்கு மேல். நிறைமாதத்தை நெருங்கும் பெண்ணை, ஜன்னல் சாத்திய அறையின் புழுக்கத்தில், அவ்வளவு நேரம் தாகத்தோடு உட்கார வைப்பது ஆபத்து. நீர்ச்சத்து குறைந்தால் தலைசுற்றும், வயிறு இறுக்கிப் பிடிக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களும் இப்படிப் பட்டினி கிடக்கக் கூடாது. ஆசாரம் பார்க்கிற குடும்பங்களிலேயே குழந்தைகள், வயதானவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு விலக்கு கொடுப்பது உண்டு. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர் பழகிய பேச்சு என்பதால் காதில் ஏறும். ஏறாவிட்டாலும் நீங்களே ஒரு டம்ளர் தண்ணீரும் இரண்டு இட்லியும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். இந்த ஒன்றுக்காகச் சண்டை வந்தால் வரட்டும்.

உதடு பிளவு பற்றிய பேச்சையும் நான் சும்மா விடமாட்டேன். கருவில் குழந்தையின் மேலுதடு ஒன்றுசேர்வது நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். எட்டாவது மாதத்தில் வெளியே எந்த நிழல் எங்கே விழுந்தாலும், கையில் கத்தி இருந்தாலும், சேர்ந்த உதடு பிரியாது. பிளவு ஏற்படுவதற்குப் பரம்பரைக் கூறுகள், புகைப்பழக்கம், சில மருந்துகள் என்று வேறு காரணங்கள் இருக்கின்றன. பல சமயம் குறிப்பிட்ட ஒரு காரணத்தைச் சொல்லவே முடியாது. அப்படிப் பிறந்த குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் போய், "கிரகணத்தில் என்ன செய்தாய்?" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்குவதில்லை. அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடிய ஒன்றுக்கு, காலம் முழுக்க அவளைக் குற்றவாளியாக்குகிறார்கள்.

உலக்கை எளிய விஷயம். அதன் அடியில் பூண் கட்டியிருக்கிறது, அடி தட்டையானது. செங்குத்தாகப் பிடித்து, ஆட்டம் நின்றபின் மெதுவாகக் கையை எடுத்தால் எந்த நாளிலும் நிற்கும். நாளைக் காலையில் மகளையே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "பார்த்தீங்களா, நீங்க சொன்னது பொய்" என்ற தொனி வேண்டாம். "பாட்டி, இன்னிக்கும் நிக்குதே!" என்று குழந்தை வாயால் வந்தால் போதும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அறிவியல் பேசுவதா, விட்டுவிடுவதா என்று இரண்டு வழிதான் இருப்பதுபோல் கேட்கிறீர்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அவரையும் மாடிக்குக் கூட்டிப்போவது.

கிரகணத்தைப் பார்ப்பது படித்தவர்கள் புதிதாகக் கொண்டுவந்த பழக்கம் இல்லை. குறளில் ஒரு பெண் சொல்கிறாள்: அவரைக் கண்டது என்னவோ ஒருநாள்தான், ஊர்ப்பேச்சோ "திங்களைப் பாம்பு கொண்டற்று" எங்கும் பரவிவிட்டது (1146). கிரகணம் என்றால் எல்லார் கண்ணிலும் பட்டு, எல்லார் வாயிலும் விழுகிற சேதி என்று இருந்தால்தானே இப்படிச் சொல்ல முடியும்? ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருந்தால் இந்த உவமை யாருக்கும் புரிந்திருக்காது. பாம்பு என்று நம்பியவர்களும் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் மாமியார் நேரம் பார்த்த பஞ்சாங்கத்தின் பின்னாலும் இதைவிடப் பெரிய கதை உண்டு. 1825இல் ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் நம் காலக்கணக்கு முறைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழர், தாளும் பேனாவும் இல்லாமல், சோழிகளைத் தரையில் அடுக்கி, அட்டவணைகளை வாக்கியங்களாக மனத்தில் வைத்துக்கொண்டே, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். நடுப்பகுதியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் விலகியது. எழுதாமல், மனப்பாடமும் சோழியும் மட்டும் வைத்து! எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் புல்லரிக்கிறது. இந்தக் கதையை மாமியாரிடம் சொல்லுங்கள். அவ்வளவு பாடுபட்டுக் கணித்த நேரம், வெளியே வந்து சரிபார்ப்பதற்கும்தான் என்று சொல்லுங்கள்.

நிலவொளியே சூரியன் கொடுத்தது. கிரகணத்தில் அது மங்குகிறது, அவ்வளவுதான். சூரிய கிரகணத்துக்குத்தான் கண்ணுக்குப் பாதுகாப்பு தேவை. சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். தர்ப்பையை ஊறுகாய் ஜாடிமேல் போடுகிறாரா, போடட்டும். விட்டபிறகு குளிக்கிறாரா, குளிக்கட்டும். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மகளுக்கு முன்கூட்டியே ஒரு வேலை கொடுங்கள். 2-4 அளவு வளையலை ஒரு தாளில் வைத்து வட்டம் போடச் சொல்லுங்கள். அது பூமியின் நிழல். 2011க்குப் பிறகு வந்த சற்றே சிறிய ஒரு ரூபாய் நாணயம் ஒன்று எடுங்கள். அது நிலவு. நிலவு இருக்கும் தூரத்தில் நம் நிழலின் அகலம் நிலவைப்போல ஏறத்தாழ 2.6 மடங்கு. நாணயமும் வளையலும் கிட்டத்தட்ட அதே விகிதம். நாணயத்தை மெதுவாக வட்டத்துக்குள் நகர்த்தினால், வானத்தில் நிலவு எப்படிக் கடிபடும் என்பது தாளிலேயே தெரிந்துவிடும். நிழல் வந்து நிலவைப் பிடிப்பதாகத்தான் குழந்தைகள் நினைப்பார்கள். நிலவுதான் கிழக்குநோக்கி நடந்துபோய் நிழலுக்குள் நுழைகிறது, அதனால் அதன் கிழக்கு ஓரம்தான் முதலில் கறுக்கிறது. நிழலின் விளிம்பு எப்போதும் வளைவாகவே இருக்கும். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் அதுவும் ஒன்று.

முழுதாக மூழ்கியபின் நிலவு காணாமல் போவதில்லை, செங்கல் நிறத்தில் தொங்குகிறது. அன்று 11:01இலிருந்து 12:23 வரை அப்படித்தான் இருந்தது. எங்கள் பக்கம் மேகம் வந்து வந்து போனாலும், விலகிய நேரங்களில் பௌர்ணமி இரவில் வழக்கமாகத் தெரியாத நட்சத்திரங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. கிழக்கே சனிக்கிரகம் நன்றாகத் தெரிந்தது. பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று மண்டலம் சூரிய ஒளியில் நீலத்தைச் சிதறடித்துவிட்டு, சிவப்பை மட்டும் உள்ளே வளைத்து அனுப்புகிறது. அந்த நேரத்தில் பூமியில் எங்கெல்லாம் பொழுது விடிகிறதோ, எங்கெல்லாம் சாய்கிறதோ, அத்தனை இடங்களின் வெளிச்சமும் சேர்ந்துதான் நிலவில் விழுகிறது. காற்றில் எரிமலைத் தூசி நிறைந்திருந்தால் நிறம் இருண்டுபோகும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் கிரகணத்தில் நிலவு கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவுக்குக் கறுத்தது.

அடுத்து 2026 மார்ச் 3. தமிழ்நாட்டில் நிலவு கிரகணத்தோடேயே உதிக்கும். மாலை 6:47க்கு முடிந்துவிடும். கிழக்கே மறைப்பு இல்லாத மாடியாக இருந்தால் இருபது நிமிடம்போலப் பார்க்கலாம். மாமியாரைப் பழக்க அதுவே நல்ல தொடக்கம். 2028 ஜூலை 6 நள்ளிரவை ஒட்டி ஒரு பகுதி கிரகணம் உண்டு.

பெரியது 2028 டிசம்பர் 31 அன்று. இரவு எட்டரைக்குமேல் நிழல் பட ஆரம்பித்து, 9:46 வாக்கில் நிலவு முழுதாக மூழ்கி, பதினோரு மணிக்குச் சற்றுமுன் மீளத் தொடங்கும். புத்தாண்டு பிறக்கும்போது நிழலின் கடைசி ஓரம் விலகிக்கொண்டிருக்கும். நிலவு நல்ல உயரத்தில் இருக்கும், கழுத்து வலிக்கும், அதனால் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்ப்பதே வசதி. உங்கள் ஓரகத்தியின் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது முடிந்திருக்கும். மார்கழிப் பனி வேறு. எல்லாருக்கும் போர்வை, மாமியாருக்கு ஒரு மப்ளர், ஒரு பிளாஸ்க் நிறையப் பால். சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று அவரிடமே சொல்லிவிட்டால், அவர் கணக்கிலும் பெரிதாக இடிக்காது.

அன்புடன்.