கரைப்பறவைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்டோபரில் ஒரு நாள் முழுக்கக் கடற்கரையில் பறவை பார்க்கப் போகிறோம். விடியும்போதே போய்விட வேண்டுமா?

பதில்: விடியல் கணக்கெல்லாம் காட்டுப் பறவைகளுக்கு. சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் நடக்கும். வேளை வந்தால் இரவிலும் மேயும். நீர் வற்றியிருக்கும்போது சேற்றுவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும், பறவைகளும் புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும். நீர் ஏற ஏறத் தாமாகவே கரைப்பக்கம் ஒதுங்கும். எனவே உயர் ஓதத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஓதம் 10.30-க்கு என்றால், நீங்கள் 8 மணிக்கு அங்கே. நீர் உச்சத்தை எட்டும்போது எல்லாம் ஏதாவது ஒரு மணல்திட்டில் கூடி, ஒற்றைக்காலில் தூங்க ஆரம்பித்துவிடும். எண்ணுவதற்கு அதுதான் நேரம். பிறகு நீர் இறங்கி முதல் சேற்றுப்பட்டை தெரிந்ததும் பசியோடு அதில் வந்து விழும். அதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெரும்பாலான கரைகளில் இரண்டு உயர் ஓதங்களுக்கு இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் பறவை குவிந்திருந்த அதே மணிக்கு இந்த வாரம் போனால் வெறும் சேறுதான் இருக்கும். ஏழு நாளில் ஏற்றம் இருந்த இடத்துக்கு வற்றம் வந்துவிடுகிறது. அந்தந்த நாளுக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து நீர் மிக உயரும். அப்போது திட்டே முழுகி, கூட்டம் உள்நிலத்துக்குப் போய்விடுவதுண்டு. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி இடம் பிடியுங்கள். இன்னொன்று: சேற்றுக்குள் இறங்கி நிற்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால்தான் முதலில் நிரம்பும்.

கேள்வி: எல்லாமே ஒரே பழுப்பாகத் தெரிகிறது. எதை வைத்து இனம் பிரிப்பது?

பதில்: நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் அது எப்படி மேய்கிறது என்று பாருங்கள். நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்று, ஒரே ஒரு கொத்து கொத்தினால் அது உப்புக்கொத்தி. கண்ணால் இரை தேடும் பறவை, அதனால்தான் பெரிய கண்ணும் குட்டை அலகும். தலையை நிமிர்த்தாமலே தையல் இயந்திர ஊசி மாதிரி குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை. அதற்கு அலகு நுனியிலேயே தொடு உணர்வு உண்டு. நீண்ட அலகை முகம் சேற்றில் படும்வரை இறக்கினால் மூக்கன். சிப்பியையும் பாசியையும் புரட்டிக்கொண்டிருந்தால், பெயரே சொல்லிவிடுகிறது, கல்திருப்பி.

இலையுதிர்காலத்தில் குழப்பம் கூடுவதற்குக் காரணம் உண்டு. ஒரே இனத்திலேயே இரண்டு மூன்று உடுப்பில் பறவைகள் நிற்கும். பெரும்பாலான இனங்களில் வலசையில் முதிர்ந்தவை முதலில் வந்துவிடும், குஞ்சுகள் சில வாரம் கழித்து. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்ததன் வயிற்றில் கோடைக்காலச் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கும், இறகுகள் நைந்து ஓரம் கிழிந்திருக்கும். அந்த ஆண்டுக் குஞ்சின் இறகோ புத்தம் புதிது. முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் விளிம்பு இருப்பதால் மீன் செதிள் அடுக்கியது போலிருக்கும், மார்பில் லேசான பீச் பழ நிறம்.

கால் நிறத்தை மட்டும் நம்பினால் மோசம் போவீர்கள். சேறு அப்பிய பவளக்காலியின் காலில் சிவப்பே தெரியாது. அது பறக்கட்டும்: சிறகின் பின்விளிம்பு பளிச்சென்று வெள்ளை. பச்சைக்காலிக்கு அது கிடையாது, முதுகில் மேல்நோக்கிக் கூர்ந்த வெள்ளை ஆப்புதான்.

கேள்வி: 10×42 இருநோக்கி வாங்கலாமா, தொலைநோக்கியா?

பதில்: இருநோக்கி என்றால் 8×42: எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை. பத்து மடங்கு பெருக்கினால் கடற்காற்றில் கை நடுக்கமும் பத்து மடங்கு. திட்டில் நிற்கும் கூட்டத்துக்கு முக்காலியில் வைத்த 20–60 மடங்குத் தொலைநோக்கி வேண்டும். ஆனால் 25-30 மடங்கிலேயே வேலை செய்யுங்கள். வெயில் ஏறினால் கானல் நெளியும், 60-இல் பறவையும் சேர்ந்து நெளியும். காற்றடித்தால் முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். உப்புத்துளி காய்ந்த லென்ஸை உலர்ந்த துணியால் துடைப்பது கண்ணாடிப் பூச்சைக் கீறும் வேலை: மணலை ஊதித் தள்ளி, ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள்.

கேள்வி: ஆயிரக்கணக்கில் நிற்கும் கூட்டத்தை எப்படி எண்ணுவது?

பதில்: பத்துப் பறவையை நிஜமாகவே எண்ணி, அவை பிடிக்கும் இடத்தின் அளவை மனதில் வாங்குங்கள். அதை வைத்து நூறு, பிறகு நூறு நூறாகக் கூட்டத்தின் மறுமுனைவரை. திரும்பி வரும்போது இன்னொரு தடவை. கலவைக் கூட்டத்தில் இன விகிதம் எடுக்க ஒரே இடத்தில் நூறு பார்த்தால் போதாது. நெடுங்காலிகள் நீருக்குள்ளும் குட்டைக்காலிகள் ஓரத்திலும் நிற்பதால், மூன்று நான்கு இடத்தில் பாருங்கள். பெருங்கூட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவதுதான் வழக்கமான பிழை.

கேள்வி: படம் எடுக்க எவ்வளவு நெருங்கலாம்?

பதில்: மீட்டர் கணக்குச் சொல்ல முடியாது; பறவையே சொல்லும். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நில்லுங்கள். உங்களை விட்டு நடக்க ஆரம்பித்தால் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், மெல்லப் பின்வாங்குங்கள். தூங்கும் கூட்டத்தை நெருங்கவே வேண்டாம். 2022-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள் இறங்காமல் பறந்தது. வயது ஐந்தே மாதம். இத்தகைய பயணத்துக்கான கொழுப்பைச் சேற்றில் பொறுக்கிச் சேர்க்கிற நேரத்தில் நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு தடவையும் அதன் சேமிப்பில்தான் கைவைக்கிறோம். ஓதம் ஏறும் பக்கமாகத் தாழ உட்கார்ந்து அசையாமல் இருந்தால், அரைமணி நேரத்தில் அதுவே உங்கள் லென்ஸுக்கு முன்னால் வந்து மேயும்.