எத்தனையாம் நாள்? எச்.ஐ.வி. சோதனை பற்றிய கேள்வி பதில்

ஆய்வுகூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இரத்தம் பார்த்தவள் நான். திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, ஊரை மட்டும் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

நிலாவெளி: முந்தாநாள் இரவு ஆணுறை கிழிந்துவிட்டது அக்கா. மூன்று மாதம் கழித்துச் சோதித்தால் போதுமா?

தம்பி, இப்போதே வெளிக்கிடுங்கள். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் தொற்றைத் தடுக்கும் மருந்து உண்டு. 28 நாள் எடுக்க வேண்டும். எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு நல்லது. பெரியாஸ்பத்திரியில் பாலியல் நோய் கிளினிக்கைக் கேளுங்கள். பூட்டியிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மூதூர்: சந்தேகமான தொடர்புக்குப் பிறகு ஒன்பதாம் நாள் விரலில் குத்திப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்று வந்தது. ஆனாலும் நித்திரை இல்லை.

அந்த றிப்போட் உங்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, அதுதான். விரலில் குத்திப் பார்க்கும் பட்டி பெரும்பாலும் தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியை. அது உண்டாக வாரக்கணக்கில் செல்லும். ஒன்பதாம் நாள் இரத்தத்தைப் பட்டியில் விட்டால், பட்டி பழுதில்லை என்று காட்டும் ஒற்றைக் கோடு மட்டும் மெல்லச் சிவந்து வரும். தொற்றியவருக்கும் அதே ஒற்றைக் கோடுதான் வரும். நாலாம் தலைமுறைச் சோதனை நாளத்தில் எடுத்த இரத்தத்தில் வைரஸின் பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடும். அதை 45 நாளில் நம்பலாம். விரல் பட்டி என்றால் 90 நாள். உங்களுக்குச் செய்யப்போவது எது என்று கேட்டு, கலண்டரில் அந்த நாளுக்கு வட்டம் போடுங்கள். இடையில் வேறு தொடர்பு இல்லாமல் அன்றும் ‘இல்லை’ என்றால் விஷயம் முடிந்தது, லேப் லேப்பாக ஏறி இறங்காதீர்கள். ‘இருக்கிறது’ என்று வந்தாலும் இன்னொரு சோதனையால் உறுதிப்படுத்தும்வரை அது முடிவில்லை.

கிண்ணியா: காய்ச்சல், தொண்டை நோ. அதுதானா?

அறிகுறியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மாரிக் காலத்துக் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவைப் பாருங்கள்.

உப்புவெளி: கிளினிக் வாசலில் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள். இரத்ததான முகாமில் கொடுத்தால் அவர்களே சோதிப்பார்கள்தானே?

தயவுசெய்து வேண்டாம். மூதூர்க்காரருக்குச் சொன்ன, தொற்றியும் சோதனையில் தெரியாத அந்த இடைவெளி இரத்த வங்கிக்கும் உண்டு. ஒரு பையைச் செங்குழியம், சிறுதட்டு, திரவவிழையம் என்று பிரித்து மூன்று நோயாளிக்கு ஏற்றலாம். கிளினிக்கில் காசு இல்லை, இரகசியமும் காப்பார்கள். சந்தேகம் தீரும்வரை இரத்தம் கொடுக்காதீர்கள், ஆணுறை இல்லாமல் சேராதீர்கள்.

அன்புவழிபுரம்: சலூனில் சவரம் எடுக்கும்போது வெட்டிவிட்டது.

எச்.ஐ.வி.க்குப் பயப்பட வேண்டாம். உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில் அது சீக்கிரம் வலுவிழந்துவிடும்.

உவர்மலை: நானும் சலூன் வைத்திருக்கிறேன். இப்படிக் கேட்டுக் கேட்டே எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள். நான் ஆளுக்கொரு புது பிளேட் போடுகிறேன்.

அன்புவழிபுரம்: எல்லாரும் அப்படியா? துடைத்துவிட்டு அதே பிளேடை அடுத்தவருக்குப் போட்டதை என் கண்ணால் கண்டேன்.

உவர்மலை: அதற்கு எல்லாச் சலூனையும் சொல்லலாமா?

அண்ணன் கேட்பது நியாயம். ஆனால் ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் வெளியே 7 நாள்வரை உயிர்ப்போடு கிடக்கும். கதிரையில் இருந்ததும் “புது பிளேட் போடுங்கோ” என்று கேட்பது யாருக்கும் அவமானம் இல்லை. அண்ணன், நீங்கள் ஆள் பார்க்கவே உறையைப் பிரியுங்கள்.

இன்னும் பதினொரு பேர்: நுளம்பு, ஒரே கோப்பையில் தேத்தண்ணி, கேணிக் குளிப்பு, கை குலுக்கல்.

இல்லை. நாலுக்கும் இல்லை. இனி இவற்றுக்குப் பதில் எழுத மாட்டேன்.

சாம்பல்தீவு: எனக்கு உறுதியாகிவிட்டது அக்கா. வயிற்றில் நாலு மாசம்.

தங்கச்சி, பிள்ளைக்குத் தொற்றாமல் காக்கலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. மருந்து இலவசம். தினமும் தவறாமல் குடித்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், உடலுறவு மூலம் கணவருக்கும் தொற்றாது. பாலூட்டுவதைப் பற்றி டொக்டரிடமே கேளுங்கள். அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் நாளைக்கே போங்கள். தனியாகப் போக மனம் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.