கொலுசு ஏறாத கால்

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 38. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களும் பெருத்துக்கொண்டே போகின்றன. பாதம் மட்டும் பழையபடி ஒல்லியாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் கொலுசு செய்கிறேன், என் கல்யாணக் கொலுசு எனக்கே பூட்டவில்லை. லேசாக இடித்தாலும் நீலமாகக் கன்றிப்போகிறது. பையன் மடியில் ஏறினால் உயிர் போகிற வலி. ஒரு டாக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார். ராத்திரிச் சோற்றை விட்டு எட்டு மாதம் ஆகிறது, முகம்தான் ஒட்டிப்போனது. பக்கத்து வீட்டில் யானைக்கால் என்கிறார்கள். இது என்ன?
– பெயர் வேண்டாம், சிவதாபுரம்

பதில்: உங்கள் கடிதத்தில் நோயின் பெயரைத் தவிர எல்லாம் இருக்கிறது. நேரில் பார்க்காமல் முத்திரை குத்தக் கூடாதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது, தோலுக்கடியில் கொழுப்புத் திசு பெருக்கும் லிப்பிடீமா என்ற நோயின் அச்சு அசல் விவரம். இரண்டு கால்களும் ஒரே மாதிரி பெருக்கும், கணுக்காலில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும், பாதம் தப்பிக்கும். தொட்டால் வலிக்கும், இடித்தால் கன்றும். ஏறக்குறைய பெண்களுக்கு மட்டுமே வரும். வயசுக்கு வரும்போதோ, பிள்ளைப்பேற்றை ஒட்டியோ, மாதவிடாய் நிற்கும் காலத்திலோ தலைகாட்டும். 1940-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்துப் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மருத்துவக் கல்லூரிகளில் இதை யாரும் பெரிதாகச் சொல்லித்தரவில்லை. என் படிப்பிலும் இல்லை.

யானைக்கால் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். அது பெரும்பாலும் ஒரு காலில் வரும், அல்லது ஒன்று அதிகம் ஒன்று குறைவு என்று இருக்கும். பாதமும் சேர்ந்து வீங்கும். கால் பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில், மேல்தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். நிணநீர் தேங்கித் தடித்த காலில் அந்தத் தோல் பிடிக்கு வராது. உங்களுக்கு வரும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், அக்கம்பக்கத்து வாயை மூடவாவது உதவும்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்பது. நான் முப்பது வருடத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்போடு குடும்பம் நடத்தியவள், இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டி முழக்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்புத் திசுவை ஸ்லைடாக்கும்போது ஆல்கஹாலிலும் சைலீனிலும் முக்குவோம். கொழுப்பெல்லாம் கரைந்து போய்விடும், மிஞ்சுவது வெற்றுக் கூடுகள். வெந்த ஜவ்வரிசியைத் தட்டில் பரப்பியது போல, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஏறக்குறைய ஒரே அளவில், கண்ணாடி மாதிரி தெரியும். சேலத்துக்காரிக்கு ஜவ்வரிசியைத் தவிர வேறென்ன ஞாபகம் வரும்? நடுவில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

லிப்பிடீமாவில் அந்த ஒழுங்கு கெட்டுப்போகிறது. செல்கள் பல ஊதிப் பெருத்திருக்கும். இடையில் நார்த்திசு பட்டை பட்டையாக ஏறத் தொடங்கும். செத்துப்போன கொழுப்புச் செல்லைச் சுற்றி மேக்ரோபேஜ் என்ற துப்புரவு செல்கள் வட்டமாகக் கூடி நிற்கும். வெள்ளைக்காரர்கள் அதைக் கிரீடம் என்கிறார்கள். எனக்கு இழவு வீட்டு வாசல்தான் ஞாபகம் வருகிறது. 2009-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: அப்படிச் சாகும் செல்களுக்குப் பக்கத்திலேயே, புதுக் கொழுப்புச் செல்லாக மாறக்கூடிய மூல செல்கள் பெருகிக்கொண்டிருந்தன. ஒரே தெருவில் சாவு வீடும் பிள்ளை பெற்ற வீடும்.

ரத்தக் குழாய்களின் கதை இதைவிட முக்கியம், உங்கள் வலிக்கும் கன்றலுக்கும் அதில்தான் விடை இருக்கிறது. இந்தத் திசுவில் நுண்குழாய்கள் எண்ணிக்கையில் கூடுகின்றன, வாய் அகன்று போகின்றன, சுவர் சொத்தையாகிறது. ஊதிய செல்லுக்கு ஆக்சிஜன் எட்டுவதில்லை, அதனால் உடம்பு புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது என்பது ஒரு விளக்கம். குழாய்க் கோளாறுதான் முதலில், செல் ஊதுவது பிறகு என்பாரும் உண்டு. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. எப்படியானாலும் குழாய் கசிகிறது. மரவள்ளிக் காட்டில் சொட்டுநீர்க் குழாய் நைந்துபோனால் என்ன ஆகும்? சொட்ட வேண்டிய இடத்தில் மட்டும் சொட்டாமல் வழியெல்லாம் ஈரமாகும். அதுபோல நீரும் புரதமும் செல்களுக்கு நடுவே இறங்குகின்றன. லேசாக இடித்தாலே குழாய் உடைந்து நீலம் பாரிக்கிறது.

கசிந்ததை அள்ளிக்கொண்டு போவது நிணநீர்க் குழாய்களின் வேலை. ஆரம்பத்தில் அவை சமாளித்துவிடும், அதனால்தான் உங்கள் காலை விரலால் அழுத்தினால் குழி விழாது. வருடக்கணக்கில் சுமை கூடினால் அவையும் தளர்ந்து, பாதத்திலும் வீக்கம் இறங்கும். அந்தக் கட்டத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைய வேலை.

பட்டினி கிடந்தும் கால் இளைக்காதது உங்கள் குற்றமில்லை. 2019-இல் அமெரிக்காவில் தொடைத் திசுவை எடுத்துப் பார்த்தபோது, உடல் பருமனே இல்லாத லிப்பிடீமாப் பெண்களிடமும் ஊதிய செல்கள், கூடுதல் மேக்ரோபேஜ், கூடுதல் ரத்தக் குழாய் எல்லாம் இருந்தன. பருமனுக்கும் இதற்கும் ஒரே கணக்கு இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் எனக்கொரு அத்தை இருந்தார். ஹவுஸ் சர்ஜனாக இருந்த மிதப்பில், 'வாயைக் கட்டுங்கள் அத்தை' என்று நான்தான் சொன்னேன். ஆறு மாதம் ராகிக் களியும் கீரையும்தான் சாப்பிட்டார். கன்ன எலும்பு துருத்திக்கொண்டது, கழுத்துச் சங்கிலி தொளதொளத்தது. கால் அப்படியேதான் இருந்தது. 'திருட்டுத்தனமாகத் தின்கிறேன் என்று நினைக்கிறாயா?' என்று ஒரு நாள் கேட்டார். ஆமாம் என்றுதான் நினைத்திருந்தேன். லிப்பிடீமா என்று எழுதிய திசு ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. இதைக் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள், வெட்டிப் பார்ப்பதில்லை. படங்களில் அந்தத் திசுவைப் பார்த்தபோது அத்தை இல்லை.

சரி, செய்ய வேண்டியது. ரத்தநாள அறுவை நிபுணரைப் பாருங்கள். தைராய்டு, சிரைக் கோளாறு இரண்டும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தோலுக்கடியில் விரலால் வருடினால் ஜவ்வரிசி முதல் நெல்லிக்காய் வரை உருண்டைகள் தட்டுப்படலாம், அதை அவரிடம் சொல்லுங்கள். அளவெடுத்துப் போடும் அழுத்தக் காலுறை வலியையும் கனத்தையும் குறைக்கும். சேலத்து வெயிலில் அது தண்டனைதான்; காலையில் எழுந்ததும் போட்டு வேலை நேரத்திலாவது விடாதீர்கள். நீர் பிரியும் மாத்திரை இதற்கு உதவாது, யார் கொடுத்தாலும் ஏன் என்று கேளுங்கள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் சிலருக்கு நல்ல பலன் தருகிறது, பழகிய கை வேண்டும். பட்டறையில் சப்பணமிட்டு மணிக்கணக்கில் உட்காராமல் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ராத்திரிச் சோற்றை மறுபடி சாப்பிடத் தொடங்குங்கள். கொலுசா? கண்ணி கோக்கத் தெரிந்த கைக்கு நான் சொல்ல வேண்டுமா, நாலு கண்ணி சேர்த்துப் பற்றவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் இருக்கிறோம். என் மனைவிக்கும் மாமியாருக்கும் தொடையும் காலும் மட்டும் பெருத்திருக்கும். மகளுக்கு 14 வயது. அவளுக்கும் இப்போது அப்படித் தொடங்குகிறது. பரம்பரையா?
– ஒரு தந்தை, ஏற்காடு

பதில்: நானும் இப்போது உங்கள் ஊரில்தான் இருக்கிறேன், இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி இந்த இதழ் வந்து சேர நாலு நாள் ஆகிறது. லிப்பிடீமா பல குடும்பங்களில் அம்மா, மகள், பேத்தி என்று வருவது உண்மை. வயசுக்கு வரும்போது தொடங்குவதும் வழக்கம். காபிப்பழம் பறிக்கையில் கிளை பட்டால் உங்கள் மனைவிக்குக் கன்றுகிறதா என்று கேளுங்கள், அதுவும் ஒரு தடயம். மகளைப் பட்டினி போடாதீர்கள். நடக்கவும் நீந்தவும் விடுங்கள். தண்ணீரின் அழுத்தமே காலுக்கு இதமான கட்டு. வீட்டில் அவள் காலைப் பற்றிப் பேச்சு எடுப்பவர்களை, பாட்டியே ஆனாலும், அதட்டி வையுங்கள்.

கேள்வி: எனக்கு லிப்பிடீமா என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்லரில் கொழுப்பு கரைக்கும் மசாஜுக்குப் பத்து தடவைக்குப் பணம் கட்டிவிட்டேன். முதல் தடவையே கால் முழுக்க நீலம் பாய்ந்துவிட்டது. தொடரலாமா?
– எஸ். கே., அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம். சொத்தைக் குழாயைப் பிசைந்தால் உடையத்தான் செய்யும், கொழுப்பு கரையாது. பிசியோதெரபிஸ்ட் செய்யும் நிணநீர் மசாஜ் வேறு, அது பூனைக்குட்டியைத் தடவுவது போல இருக்கும். மிச்சம் ஒன்பது தடவையை முகத்துக்கு மாற்றித்தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.