சுவர் மூச்சு விடட்டும்: வீட்டு அலங்காரம், கேள்வி-பதில்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்துவிட்டது. பொங்கலுக்கு முன் வீட்டைச் சீர் செய்ய நினைப்பவர்களின் கேள்விகள்தான் இந்த முறை அதிகம். பல பேர் ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீடு தாத்தா காலத்துச் செங்கல் வீடு. ஐந்து வருடத்துக்கு முன் பட்டாசாலைச் சுவரின் கீழ்ப்பகுதியில் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தோம். இப்போது தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து உதிர்கிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது. பெயின்டர் மறுபடி சுரண்டிப் பட்டி பார்க்கலாம் என்கிறார். செய்யலாமா?
— தெற்கு மாசி வீதி வாசகி

வேண்டாம் அம்மா. மறுபடி செலவு செய்தால் மறுபடி உதிரும். இதை நான் இந்த ஊரில் நூறு வீடுகளிலாவது பார்த்திருப்பேன். குற்றம் பெயின்ட் மீதும் இல்லை, பெயின்டர் மீதும் இல்லை. சுவருக்கும் பூச்சுக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

பழைய வீடுகளின் அஸ்திவாரத்துக்கு மேல், ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். மண்ணில் இருக்கும் தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலச் செங்கல்லுக்குள் மெல்ல ஏறும். அது தெரிந்துதான் அந்தக் காலத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்பால் பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அதன் வழியாக ஆவியாகி வெளியே போய்விடும். அதன் மேல் சிமென்ட்டும் பட்டியும் எமல்ஷனும் போட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். தண்ணீர் மண்ணிலிருந்து கொண்டுவந்த உப்பு பெயின்ட்டுக்குப் பின்னால் படிந்து, பருத்து, பூச்சையே தள்ளும். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி அந்த உப்புதான்.

சரி, என்ன செய்வது? ஈரம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஓர் அடி வரை சிமென்ட் பூச்சைச் செங்கல் தெரியும்படி கொத்தி எடுங்கள். உடனே பூசாதீர்கள். சில மாதங்கள் அப்படியே காயட்டும். பார்க்க நன்றாக இருக்காது, பொங்கலுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். உதிரும் உப்பை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். பிறகு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் என்று கலந்து பூச வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் கலவையில் சேர்க்கத் தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் கூலி கொஞ்சம் கூடுதலானாலும் அவரையே கூப்பிடுங்கள்.

பூச்சின் மேல் வெள்ளையும் சுண்ணாம்பிலேயே அடிக்க வேண்டும். கல் சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிளாஸ்டிக் வாளி கூடாது, குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது, கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஒரு வாரமாவது ஊறட்டும். ஊறி வெற்றிலைச் சுண்ணாம்பு போல வழவழப்பானதும், பால் பதத்துக்குக் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். சுவரை நனைத்துவிட்டு, மெல்லிசாக மூன்று முறை அடியுங்கள். அடித்தவுடன் சுவர் தண்ணீர் பட்டதுபோல மங்கலாக இருக்கும். பயந்து கெட்டியாக அப்பிவிடாதீர்கள், காயக் காய வெளுக்கும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து, பழையபடி கல்லாக மாறுகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரமும் நேரமும் வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் அடித்தால் கல்லாவதற்கு முன்பே காய்ந்து, சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் பொடியாக நின்றுவிடும். தை, மாசிதான் நல்ல காலம். உங்கள் சுவருக்கு அடுத்த தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை குறைந்தால் ஒரு நடை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்வாருங்கள். 1636-இல் கட்டியது. அந்தத் தூண்களும் வளைவுகளும் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும்தான்.

இயற்கையான மஞ்சள் நிறம் வேண்டும் என்று ஆசை. சுண்ணாம்பில் மஞ்சள் தூள் கலந்து அடித்தால் கிருமியும் வராது என்கிறார்களே?
— அலங்காநல்லூர் வாசகர்

ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள் தம்பி. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் என்ன நிறம் வருகிறது? அதேதான் உங்கள் சுவரிலும் நடக்கும். மஞ்சள், காரம் பட்டால் சிவக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் என் சித்தி வீட்டுத் திண்ணைச் சுவருக்கு நானே இதைச் செய்தேன். அடித்த அன்று செங்கல் நிறம். ஒரு மாத வெயிலில் அதுவும் திட்டுத் திட்டாக வெளுத்துப் போயிற்று. சித்தி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த வருடப் பொங்கல் கோலத்தை அவர் திண்ணைப் பக்கம் போடவே இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மஞ்சளின் சாயம் வெயில் தாங்காது. சுண்ணாம்புக்கும் ஒத்துப்போய் வெயிலையும் தாங்குவது மண் நிறம்தான். கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் காவி எத்தனை வெயில் பார்க்கிறது! காவியின் நிறம் அதில் இருக்கும் இரும்பிலிருந்து வருவது. மண்ணுக்குள்ளேயே அது துருவாகிவிட்டது, இனி மாற ஒன்றும் இல்லை. அதனால்தான் அப்படி நிற்கிறது. உங்களுக்கு வேண்டியது மஞ்சள் காவி. இன்னொன்று சொல்கிறேன், வீட்டில் செய்தே பார்க்கலாம். ஒரு கரண்டி மஞ்சள் காவியை இரும்புச் சட்டியில் போட்டு நன்றாகச் சூடேற வறுத்தால், அதற்குள் இருக்கும் நீர் போய்ச் செங்காவியாகிவிடும். எங்கே நிறுத்துகிறீர்களோ அதற்குத் தக்கபடி மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு நிறம் கிடைக்கும்.

காவிக்கல் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். சுவருக்குத் தேவையான அளவுக்கு வேண்டுமென்றால், தரைக்குப் போடும் ஆக்சைடு பொடி விற்கும் கடையில் மஞ்சள் ஆக்சைடு கேளுங்கள். சிமென்ட்டின் காரத்தையே தாங்குவது சுண்ணாம்பையும் தாங்கும். முதல் நாளே பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துச் சேருங்கள். உலர்ந்த சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் கையில் ஒட்டும். ஈரத்தில் தெரியும் நிறத்தைவிட, காய்ந்த நிறம் மிகவும் வெளிறியிருக்கும். ஒரு மூலையில் அடித்துப் பார்த்து, மறுநாள் முடிவு செய்யுங்கள். ஒரு சுவருக்கு வேண்டியதை ஒரே தடவையில் கரைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாளி ஒருநாளும் முதல் வாளி போல வராது.

கிருமியைப் பற்றிக் கேட்டீர்கள். சுண்ணாம்பின் காரமே பூஞ்சையை அண்டவிடாது, மஞ்சள் தேவையில்லை.

அண்ணா நகரில் வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பு. வீடு முழுக்க வெறும் வெள்ளை. ஏதாவது வழி உண்டா அண்ணா?

வெள்ளைச் சுவர் குறையில்லை அம்மா. நம் ஊர் வெளிச்சத்துக்கு அது நல்ல துணை. நிறத்தைத் துணியில் கொண்டுவாருங்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் சுங்குடி கிடைக்கிறது. ஐந்தரை மீட்டர் புடவையை இரண்டாக வெட்டினால் ஒரு வாசலுக்கு இரண்டு திரை. ஆணி இல்லாமல், சன்னல் சட்டத்துக்குள் இறுக்கி நிற்கும் ஸ்பிரிங் கம்பிகள் வருகின்றன, அதில் கோத்துவிடலாம். கடையில் ஒரு விஷயம் கேட்டு வாங்குங்கள்: புள்ளிகள் கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றியவையா, அச்சா? முடிச்சிட்ட புள்ளி ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, துணியைத் தடவினால் முடிச்சு இருந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகள்தான் அழகு. சௌராஷ்டிர மக்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த வேலை அது, விலை கூடுதலாக இருந்தால் பேரம் பேசாமல் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். திரையின் பின்பக்கம் பழைய நாலு முழ வேட்டியைச் சேர்த்துத் தைத்துவிட்டால் வெயிலில் சாயம் சீக்கிரம் மங்காது. முதல் சலவை மட்டும் தனியாக, பச்சைத் தண்ணீரில்.

ஓர் அறைக்கு ஒரு நிறம் போதும். அரக்குச் சிவப்பு எடுத்தால் மற்றதெல்லாம் ஓலை, மண், மரம் என்று தன் நிறத்தில் இருக்கட்டும். தரையில் ஒரு கோரைப்பாய், மூலையில் பனையோலைக் கொட்டான், ஒரு மானாமதுரைப் பானை. வீடு மாறும்போது எல்லாம் ஓர் ஆட்டோவில் ஏறிவிடும்.

அந்த மானாமதுரைப் பானையைப் பற்றித்தான் என் கேள்வி. கடையில் சிவப்பும் இருக்கிறது, கருப்பும் இருக்கிறது. கருப்புக்குப் பெயின்ட் அடிக்கிறார்களா?
— திருப்புவனம்

பெயின்ட் அடித்ததும் விற்பனைக்கு வருகிறது. ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், அடிப்பக்கத்தையும் பாருங்கள். சூளையிலேயே கருத்த பானை என்றால், மண் இரண்டுக்கும் ஒன்றுதான். காற்று தாராளமாகப் போகும் சூளையில் மண்ணிலிருக்கும் இரும்பு சிவக்கும். காற்றை அடைத்துப் புகையில் மூட்டம் போட்டால் கருக்கும். உங்களுக்குக் கீழடி பக்கத்தில்தானே? 2023-இல் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போய், கருப்பு-சிவப்புப் பானைகளின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரே பானை உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. வரவேற்பறைக்கு நிறம் தேடுகிறவர்கள் அதற்கு மேல் எங்கும் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

புது வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் போட்டோம். வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது மங்கிவிட்டது. ஆசிட் விட்டுக் கழுவினால் பளபளப்பு திரும்புமா?
— திருப்பாலை

ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள். அது சிமென்ட்டைத் தின்றுவிடும், நிறம் ஏறிய மேல்தோலும் கூடவே போய்விடும். இந்தக் கல் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, பின்னால் மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுகவிடுகிறார்கள். முதலில் நீங்கள் பார்த்த பளபளப்பு அந்தக் கண்ணாடி விட்டுப் போனது. அடுத்த பளபளப்பு காலடி பட்டுப் பட்டு வருவது, அதற்கு வருடங்கள் ஆகும். தினமும் வெறும் தண்ணீரில் நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். வாரம் ஒரு முறை சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்து, உலர்ந்த துணியால் வழுக்கல் போகத் துடைத்துவிடுங்கள். எலுமிச்சை, புளி, தயிர் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், புளிப்பும் ஆசிட்தான். சிவப்பு ஆக்சைடு தரை வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்.

மூங்கில் சோபாவின் அடியில் தினமும் மாவு மாதிரி கொட்டுகிறது.
— திருமங்கலம்

உளுத்துப்போகிறது. மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னும் வண்டின் வேலை. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரமும் 40 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு துளைக்குள்ளும் விடுங்கள். வெட்டிய முனைகளில் பிரஷ்ஷால் நிறையத் தடவுங்கள். மூங்கிலின் பச்சைத் தோல் எதையும் உள்ளே விடாது, அதனால் துளையும் முனையும்தான் வழி. பத்து நாள் விட்டு இன்னொரு முறை. கரைசல் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. அடுத்த முறை வாங்கும்போது, வெட்டியதும் தண்ணீரில் ஊறப்போட்ட மூங்கிலா என்று கேளுங்கள். ஊறினால் அந்த மாவுச்சத்து கரைந்து போயிருக்கும்.

பழைய தேக்குக் கதவுக்கு வார்னிஷ் வேண்டாம் என்று ஆளிவிதை எண்ணெய் தடவப்போகிறேன். சரியா?
— மேலூர்

மிகச் சரி. மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுங்கள், இரண்டு நாள் இடைவெளியில் மூன்று முறை. ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், கசங்கிய துணிக்குள் சூடு தங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மேற்குப் பார்த்த அறை, சாயந்தரம் உள்ளே இருக்க முடியவில்லை. என்ன நிறம் அடித்தால் குளிரும்?
— ஒத்தக்கடை

வெளிச்சுவருக்கு வெள்ளை அடியுங்கள், உள்ளே எது அடித்தாலும் பெரிய மாற்றம் வராது. வெயில் சன்னலைத் தொடும் முன் வெளியிலேயே நிறுத்த வேண்டும். வெட்டிவேர்த் தட்டியை வெளிப்பக்கம் தொங்கவிட்டு, மூன்று மணிக்குத் தண்ணீர் தெளியுங்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊர்க் காற்று உலர்ந்து கிடப்பதால் நன்றாகக் குளிரும், மணமும் வரும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும், அப்போது பலன் இல்லை. பூஞ்சை பிடிக்காமல் நிழலில் காயவைத்துச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள்.