வாசகர் கேள்வி–பதில்: 'செக்' என்னும் சொல்லின் பூர்வீகம்

கேள்வி: நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஆங்கிலத்தில் சரிபார்ப்பதும் செக், வங்கியில் கொடுப்பதும் செக், கட்டம் போட்ட துணியும் செக், சதுரங்கத்தில் அரசனை நெருக்குவதும் செக். இவையெல்லாம் ஒரே சொல்லா, ஒரே மாதிரி ஒலிக்கும் நான்கு சொற்களா?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. விளக்க வேண்டுகிறேன். — ஆசிரியை ஒருவர், வாக்வா

பதில்: நான்கும் ஒரே சொல்தான் என்று அந்தக் குழந்தையிடம் உறுதியாகச் சொல்லுங்கள். வங்கிச் செக்கை மட்டும் வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுவது பிற்காலத்தில் வந்த வழக்கமே தவிர, அது பிறப்பால் வேறு சொல் என்பதற்குச் சான்று ஆகாது. நான்கு பொருள்களும் சதுரங்கப் பலகையிலிருந்து கிளைத்தவை. அந்தப் பலகையோ, மொரீஷியசில் வாழும் நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே இந்தியாவிலிருந்து உலகத்துக்குப் போனது.

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையைப் பலகையில் நிறுத்தி ஆடும் ஆட்டம் என்பதால்தான் அதற்குச் சதுரங்கம், அதாவது நான்கு உறுப்புகளை உடையது, என்று பெயர். 7ஆம் நூற்றாண்டில் வட இந்தியப் பேரரசர் ஹர்ஷரின் அவையில் இருந்த பாணர் என்னும் வடமொழிப் புலவர் தம் நூலில் அதைக் குறிப்பிடுகிறார். ஆட்டம் மேற்கே பாரசீகத்துக்குப் போனபோது பெயர் 'சத்ரங்க்' ஆயிற்று. அரபியர் வாயில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. எதிரியின் அரசனைத் தாக்கும் நிலையில் காயை நகர்த்தியதும், "ஷா!" என்று குரல் கொடுத்து எச்சரிப்பது பாரசீகத்தார் வழக்கம். ஷா என்றால் அரசன். நம் செவிக்கு அந்நியமாகப் பட்டாலும், இந்தச் சொல்லும் 'சத்திரியர்' என்று நாம் வழங்கும் வடசொல்லும், ஆளுதல் என்னும் பொருளுடைய ஒரே வேரிலிருந்து வந்த உறவினர்கள்.

அரபியர் வழியாக ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போய்ச் சேர்ந்த ஆட்டம் ஐரோப்பா முழுவதும் பரவியபோது, 'ஷா' என்னும் அந்தக் குரலும் உடன் சென்றது. இடைக்கால லத்தீனில் 'ஸ்காக்கஸ்', பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்', 1300 வாக்கில் ஆங்கிலத்தில் 'செக்' என்று அதன் உருவம் மாறியது. 'செஸ்' என்னும் ஆட்டத்தின் பெயரும் இதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவந்தான். ஆகவே சொல்லுக்குச் சொல் பார்த்தால், செஸ் என்றால் 'அரசர்கள்' என்பதே பொருள்.

ஒரு குரலிலிருந்து சரிபார்த்தல் எப்படி வந்தது என்பதுதான் இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். அரசனுக்குச் செக் விழுந்துவிட்டால், ஆடுபவர் எவ்வளவு பெரிய திட்டம் வைத்திருந்தாலும் அதை அந்தக் கணமே நிறுத்திவிட்டு, முதலில் அரசனைக் காப்பாற்றியாக வேண்டும். வேறு எந்தக் காயையும் விருப்பம்போல் நகர்த்த அவருக்கு உரிமை இல்லை. ஆகவே பலகைக்கு வெளியிலும், ஒருவர் போக்கைத் திடீரென்று மறிக்கும் எதற்கும் ஆங்கிலேயர் இந்தச் சொல்லை வழங்கத் தொடங்கினார்கள். மறித்தலிலிருந்து கட்டுப்படுத்துதல் என்னும் பொருள் வந்தது. ஒருவர் எழுதும் கணக்கில் பிழையோ மோசடியோ நேராமல் கட்டுப்படுத்த என்ன வழி? இன்னொருவர் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. அந்த ஒப்பீடும் ஒரு தடையே என்பதால் அதற்கும் செக் என்றே பெயர் நிலைத்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் 'ஒப்பிட்டுச் சரிபார்' என்னும் வினைப்பொருள் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. சோதனைச் சாவடி, பயணச்சீட்டுப் பரிசோதனை, விமான நிலையத்தில் பெட்டியைப் பதிவு செய்வது ஆகியவற்றில் வரும் செக் எல்லாம் இந்தக் கிளையைச் சேர்ந்தவை.

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் "எதிரணிக்குச் செக் வைத்தார்" என்று அரசியல் செய்தி எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அன்றாட ஆங்கிலத்தில் சரிபார்ப்பு என்னும் பொருளே மேலோங்கிவிட்ட நிலையில், அரசனை நெருக்கும் அந்த முதற்பொருளை நம் பேச்சுத் தமிழ் இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

கேள்வி: பிரெஞ்சில் 'எஷெக்' என்றால் தேர்வில் தோற்பதையும் குறிக்கிறது, சதுரங்கத்தையும் குறிக்கிறது. வங்கியில் கொடுப்பதை 'ஷெக்' என்கிறோம். இவற்றுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் தொடர்பு உண்டா? — கல்லூரி மாணவர், காத்ர் போர்ன்

பதில்: உண்டு. ஆனால் இரண்டும் ஒரே வழியில் வந்து சேரவில்லை. 'எஷெக்' என்பது நான் மேலே சொன்ன பழைய 'எஸ்செக்' என்னும் சொல்லின் நேர் வாரிசு. காலப்போக்கில் நடுவில் இருந்த 'ஸ்' ஒலி தேய்ந்துவிட்டது. அதே நிகழ்ச்சியை ஆங்கிலேயர் செக் வைத்தவர் பக்கம் நின்று பார்த்து 'தடுத்தல்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர் செக் வாங்கியவர் பக்கம் நின்று பார்த்து 'தோல்வி' என்றார்கள். ஆட்டத்தைக் குறிக்கும்போது அதையே பன்மையில் எழுதுகிறார்கள். ஒலியில் வேறுபாடு இல்லை.

'ஷெக்' என்பதோ, ஆங்கிலேயரின் வங்கிச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கடன் வாங்கியதால் வந்தது. பிரான்சில் செக்குக்கான சட்டம் 1865இல்தான் இயற்றப்பட்டது. ஆகவே 1810 வரை பிரெஞ்சுக்காரரும், பிறகு 1968 வரை ஆங்கிலேயரும் ஆண்ட நம் தீவில், ஒரே தாயின் மக்கள் இருவர் வேறு வேறு கப்பலில் வந்து இறங்கியதுபோல் இவ்விரு சொற்களும் அருகருகே வாழ்கின்றன. நம் தீவின் பேச்சுமொழியான கிரேயோலில் ஷகரம் சகரமாகிவிடுவதால், 'எஷெக்' என்பது 'எசெக்' என்றும், 'ஷெக்' என்பது 'செக்' என்றும் ஆகி, நம் தமிழ் உச்சரிப்புக்கே நெருங்கி வந்துவிடுகின்றன.

ஆட்டத்தின் முடிவில் வரும் 'எஷெக் எ மாத்', ஆங்கிலத்தின் 'செக்மேட்' இரண்டும் பாரசீகத்தின் 'ஷா மாத்'தான். 'அரசன் இறந்தான்' என்று பலர் பொருள் சொல்வார்கள். இறந்தான் என்பதற்கான அரபிச் சொல் ஒலியில் ஒத்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது. பாரசீகத்தில் அதற்கு 'அரசன் செயலற்று நின்றான்' என்பதே பொருள். சதுரங்கத்தில் அரசன் வெட்டப்படுவதே இல்லை, வழியற்று நிற்கிறான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விளக்கமே பொருத்தமானது என்று விளங்கும்.

கேள்வி: பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் தாளுக்கும் சதுரங்கத்துக்கும் என்ன உறவு? அமெரிக்கர் ஒரு விதமாகவும் நாம் வேறு விதமாகவும் எழுதுவது ஏன்? இந்தச் சொல் அரபியின் 'ஸக்' என்பதிலிருந்து வந்தது என்றும் படித்தேன். — வங்கி ஊழியர், போர்ட் லூயிஸ்

பதில்: தாங்கள் நாள்தோறும் கையாளும் செக் புத்தகத்தையே எடுத்துப் பாருங்கள். தாளைக் கிழித்துக் கொடுத்த பிறகு இடப்புறத்தில் ஓர் அடிக்கட்டை மிஞ்சுகிறதல்லவா? முதன்முதலில் செக் என்னும் பெயர் அந்த அடிக்கட்டைக்குத்தான் இருந்தது. கிழித்துக் கொடுத்த தாளுக்கு இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து அரசு வெளியிட்ட கடன் பத்திரங்களில், திரும்பி வரும் பத்திரம் உண்மையானதா, திருத்தப்பட்டதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட துண்டையே அவ்வாறு அழைத்தார்கள். அடிக்கட்டை உள்ள தாள் என்பதால் தாளுக்கும் பிறகு அப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1717இல் இங்கிலாந்து வங்கி, எண்ணிட்டு அச்சிட்ட படிவங்களை வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தொடங்கியதும் மோசடியைத் தடுக்கத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாதியை வைத்துக்கொள்ளும் முறை காகிதத்துக்கும் முந்தியது. இங்கிலாந்தின் அரச கருவூலத்தில், பணம் செலுத்தியவருக்குக் கணக்குக் கோல் ஒன்று கொடுத்தார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குப் பெருவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுனுக்கு முற்றிய வாற்கோதுமை மணி அளவு என்று கோலில் வெட்டு இட்டு, பிறகு அதை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைச் செலுத்தியவரிடம் கொடுத்து மறு பாதியைக் கருவூலத்தில் வைப்பார்கள். இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒருவர் மட்டும் தம் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டினாலும் உடனே தெரிந்துவிடும். வழக்கொழிந்த அந்தக் கோல்களை 1834 அக்டோபர் 16 அன்று அடுப்பில் இட்டு எரித்தபோதுதான் தீ பரவி லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே அழிந்தது.

அந்தக் கருவூலத்தின் பெயரும் சதுரங்கத்திலிருந்து வந்ததே. 12ஆம் நூற்றாண்டில் அதன் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் பிட்ஸ்நீல் அங்கிருந்த மேசையை வருணித்திருக்கிறார். சுமார் பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேசை. காசு உருண்டு விழாமல் சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கோடுகள் இட்ட கறுப்புத் துணி. கோடுகளுக்கு இடையில் வில்லைகளை வைத்து, மாவட்ட அதிகாரிகள் கொண்டுவந்த வரிப்பணத்தை எல்லோர் கண் முன்னாலும் எண்ணிக் காட்டுவார்கள். சதுரங்கப் பலகைபோல் இருந்ததால் அந்த மேசைக்கும், பிறகு அந்த அலுவலகத்துக்கும் 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. பிரித்தானிய நிதியமைச்சரைப் பிரெஞ்சுச் செய்திகளில் இன்றும் 'எஷிகியே'யின் அமைச்சர் என்கிறார்கள். எஷிகியே என்றால் சதுரங்கப் பலகை.

எழுத்துக்கூட்டலின் விடையும் இங்கேதான் இருக்கிறது. தொடக்கத்தில் வங்கிச் செக்கையும் மற்ற செக்குகளைப் போலவே 'check' என்று எழுதினார்கள். அமெரிக்கர் அதை மாற்றவில்லை. கருவூலத்தின் பெயரை 'exchequer' என்று எழுதும் முறையைப் பின்பற்றி, குழப்பம் வராமல் இருக்கவும் கருதி, பிரித்தானியர் 'cheque' என்னும் வேறு எழுத்துக்கூட்டலை மேற்கொண்டார்கள். அது 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. நாம் எழுதுவது அவர்கள் முறை.

அரபியின் 'ஸக்' உண்மையான சொல்தான். கடனையும் கொடுப்பனவையும் எழுத்தில் உறுதிசெய்யும் பத்திரம் அது. 10ஆம் நூற்றாண்டில் இப்னு ஹவ்கல் என்னும் பயணி, சஹாராவின் தென் ஓரத்து அவ்தகோஸ்த் நகரில் 42,000 தினாருக்கான ஸக் ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். இந்த முறையில் அரபு வணிகர்கள் ஐரோப்பியருக்கு முன்னோடிகள் என்பதை நாம் மதித்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஆங்கிலச் சொல் அங்கிருந்து வந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி வந்திருந்தால் அது முதலில் பத்திரத்தைக் குறித்திருக்க வேண்டும். நாம் காண்பதோ அடிக்கட்டையைக் குறிக்கும் பெயரை. 1659இல் லண்டனில் மோரிஸ், கிளேட்டன் என்னும் வங்கியாளர்கள் பெயரில் 400 பவுனுக்கு எழுதப்பட்ட கொடுப்பாணை இன்றும் கிடைக்கிறது. வேலையில் அது முழுமையான காசோலை. ஆனால் அத்தகைய தாள்களுக்கு அக்காலத்தில் செக் என்ற பெயர் வரவில்லை.

கேள்வி: கட்டம் போட்ட சட்டையை ஆங்கிலத்தில் செக் என்பதும் பலகையால்தானா? பிரெஞ்சில் அப்படிச் சொல்வதில்லையே? — வாசகி, ரோஸ் ஹில்

பதில்: பலகையால்தான். பிரெஞ்சுக்காரர் 'காரோ', அதாவது சதுரங்கள், என்று வேறு சொல்லால் குறிக்கிறார்கள். ஆனால் கட்டம் போட்ட ஒரு துணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை நாம் மறக்கக் கூடாது. 'மத்ராஸ்' என்று அவர்கள் சொல்வது நம் சென்னைப் பட்டினத்தின் பெயர். சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களில் நெசவாளர் கைத்தறியில் நெய்த பருத்திக் கட்டத் துணி கப்பலேறிக் கரீபியத் தீவுகள் வரை போய், அங்குள்ள பெண்களின் தலைத்துணி ஆயிற்று. நெய்தவர்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. ஏற்றுமதியான துறைமுகத்தின் பெயர் பிரெஞ்சு அகராதியில் ஏறிவிட்டது.

கேள்வி: எண்ணெய் ஆட்டும் 'செக்கு'தான் ஆங்கிலத்தில் செக் ஆயிற்று என்று ஒரு விழாவில் பேசினார்கள். உண்மையா? — வாசகர், திரியோலே

பதில்: இல்லை. ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது. செக்கிலிருந்து செக் வந்திருக்குமானால், இடைக்காலத்தில் எங்காவது ஆட்டுதல், பிழிதல் என்னும் பொருளில் அது வந்திருக்க வேண்டும். அப்படி ஓரிடத்திலும் இல்லை. கட்டுமரம், சுருட்டு, பந்தல், மிளகுத்தண்ணீர் ஆகிய சொற்கள் ஆங்கிலத்துக்குப் போனதற்கு அசைக்க முடியாத ஆதாரம் இருக்கிறது. மேடையில் பெருமையாகச் சொல்வதற்கு அவையே போதும்.

கேள்வி: தமிழ்க் கட்டுரையில் 'செக்' என்று எழுதினால் மதிப்பெண் குறையுமா? — உயர்நிலைப் பள்ளி மாணவி, கூர்பிப்

பதில்: வங்கியில் கொடுப்பதைக் 'காசோலை' என்று எழுதுங்கள், அது நன்றாக வேரூன்றிய சொல். பார்த்து உறுதிசெய்வதற்குச் 'சரிபார்த்தல்', துணிக்குக் 'கட்டம்'. சதுரங்கத்தில் மட்டும் 'செக்' என்றே எழுதலாம். ஆடுபவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.